முப்பதுக்கு நாற்பது

(முதல் பக்கத்தைக் காலியாக விட்டிருந்தேன். ஜனவரி 18 அன்று நிரப்பினேன்.)

இந்த நோட்டில் வரப்போவன:

1. இயந்திரம்: எங்கிருந்து வந்தது, எப்படி நிறுத்தப்பட்டது.
2. கற்கும் முறை: பின்பக்கம் நின்று, தாளில் அச்சிட்ட கோட்டின்மேல் சிவப்பு ஒளிப்புள்ளியை நகர்த்தித் தைப்பது. முன்பக்கம் நின்று கைபோன போக்கில் தைப்பது என் சுபாவத்துக்கு ஆகாது.
3. தைக்கப்போவது: கைக்குழந்தைக்கு ஒரு பஞ்சுப் போர்வை. அளவு 30 அங்குலத்துக்கு 40 அங்குலம். இது மாறாது.
4. பிழைகளும் காரணங்களும்.
5. ஒப்படைத்த நாள்.

இரா. தெய்வசிகாமணி, வேதியியல் விரிவுரையாளர் (ஓய்வு), கரூர்.

ஜனவரி 9, வியாழன்

காலை பத்தேகாலுக்கு இயந்திரம் வந்தது. மூன்று துண்டுகளாக வேனில் வந்ததை இறக்க ஐந்து பேர் தேவைப்பட்டார்கள். நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

லோகாம்பாள் இருபத்திரண்டு வருடம் தையலைச் சரிபார்க்கும் செக்கராக வேலை பார்த்த ஏற்றுமதிக் கம்பெனியை மூடிவிட்டார்கள். மற்றவர்கள் தையல் மெஷின், இஸ்திரிப் பெட்டி என்று கேட்டு வாங்கிப்போனபோது, என் மனைவி மட்டும் இதைக் கேட்டிருக்கிறாள். லாங் ஆர்ம் மெஷின் என்கிறார்கள். மேலே ஒரு துணி, அடியில் ஒரு துணி, நடுவே பஞ்சு. மூன்றையும் சேர்த்துக் கோலம் போட்டதுபோல் ஓட்டித் தைப்பது இதன் வேலை. சாதாரண மெஷினில் ஊசி நின்ற இடத்தில் நிற்கும், துணி நகரும். இதில் துணி உருளைகளில் இழுத்துக் கட்டப்பட்டுச் சும்மா கிடக்கும். மெஷினின் தலைதான் சிறு தண்டவாளத்தில் ஓடும். அந்தத் தலையைக் கைப்பிடியால் பிடித்து நடத்திச் செல்ல வேண்டும். கைப்பிடி முன்பக்கமும் உண்டு, பின்பக்கமும் உண்டு.

மேசை பன்னிரண்டு அடி. எங்கள் கூடம் பன்னிரண்டே முக்கால். சோபா மாடிக்குப் போயிற்று. சமையலறைக்கு இனி நான் நண்டுபோல் பக்கவாட்டில்தான் நடக்க வேண்டும்.

"பயப்படாதீங்க. உங்களைத் தொடச் சொல்லமாட்டேன்" என்றாள் லோகாம்பாள்.

"நான் ஒண்ணும் பயப்படலையே."

"அப்பறம் ஏனுங்க இன்னும் கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறீங்க? வேன் போயி அரைமணி நேரமாச்சு."

ஜனவரி 13, திங்கள். போகி

வீடு கழுவும்போது லோகாம்பாள் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டில் முறிவு. மாவுக்கட்டு ஆறு வாரம்.

வண்டியில் வரும்போது அவள் கையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே வந்தாள். எதற்கென்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

ஜனவரி 17, வெள்ளி

விளங்கிவிட்டது.

அலமாரியிலிருந்து ஒரு பழைய தலையணை உறையை எடுத்துவரச் சொன்னாள். உள்ளே ஒட்டுத்துணி வேலை செய்த ஒரு துணி. ஐந்து அங்குலச் சதுரங்கள், குறுக்கே ஆறு, நெடுக்கே எட்டு, ஆக நாற்பத்தெட்டு. எல்லாம் எங்கள் மகள் மேகலாவின் சின்ன வயதுப் பாவாடைகள். ஒரு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மத்தியானம் தூங்கும் நேரத்தில் கையாலேயே ஒட்டியிருக்கிறாள்.

காரணத்தையும் எழுதிவிடுகிறேன். மேகலாவுக்கு நாற்பத்தொன்று. அவளும் மாப்பிள்ளை சுதாகரும் சேலத்தில் இருக்கிறார்கள். தத்தெடுக்கப் பதிந்துவிட்டு இரண்டரை வருடமாகக் காத்திருக்கிறார்கள். இந்த வருடம் முறை வரலாம். எப்போது என்று யாருக்கும் தெரியாது.

பிள்ளை வரும் முன்னால் புதுத்துணி வாங்கி வைப்பது எங்கள் பக்கம் வழக்கமில்லை. ஆகவே எல்லாம் பழசு. அடித்துணிக்கு என் வேட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளலாமாம். மேகலாவிடம் போர்வையைப் பற்றி மூச்சுவிடக் கூடாதாம்.

"எனக்கு ஒரு கை கட்டுல கெடக்குது. உங்களுக்கு ரெண்டு கையும் சும்மாத்தான கெடக்குது?"

"லோகா, இதெல்லாம் எனக்கு வராது."

"முப்பத்தோரு வருசம் ஆசிட்டைக் கையில பிடிச்சீங்க. நூலப் பிடிக்க வராதா?"

ஆசிட் கொட்டினால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

"இந்தப் போர்வைய நீங்கதான் அவ கையில குடுக்கோணும்" என்றாள். "நான் இல்ல. நீங்க."

ஏன் நான் என்று நான் கேட்கவில்லை. தெரியும். அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

ஜனவரி 18, சனி

மேகலா போன் செய்தாள். நான் எடுத்தேன். அவள் என்னிடம் பேசுவது எப்போதும் மூன்று வாக்கியம். சாப்பிட்டீங்களாப்பா. மாத்திரை போட்டீங்களா. அம்மாகிட்டக் குடுங்க. இன்றும் மூன்றுதான். ஆறு வருடமாக மூன்றுதான்.

ஜனவரி 26, ஞாயிறு

ஜமீலா வந்தார். கம்பெனியில் இதே மெஷினைப் பதினோரு வருடம் ஓட்டியவர், ஐம்பது வயதிருக்கும். வந்ததும் மெஷினின் தலையை எருமையைத் தட்டுவதுபோல் இரண்டு தட்டுத் தட்டினார். "நல்லா இருக்கியா?" என்றார். எனக்கு வணக்கம் அதற்குப் பிறகுதான்.

நான் நோட்டும் பேனாவுமாக நின்றேன். ஜமீலா லோகாம்பாளைப் பார்த்தார். "அக்கா, சாரு பரிச்சைக்குப் படிக்கிறாரா?"

"எழுதிக்கிட்டாத்தான் அவருக்குப் பசியே எடுக்கும். நீ சொல்லு."

சொன்னவை: பாபினில், அதாவது அடிநூலுக்கான சிறு கண்டில், நூல் சுற்றுவது, ஊசியில் நூல் கோப்பது (ஒன்பது வளையம், ஒன்றை விட்டாலும் வேலை கெட்டது), துணியை உருளையில் ஏற்றுவது. பழைய துப்பட்டி ஒன்றை ஏற்றிப் பழகக் கொடுத்தார். முன்பக்கக் கைப்பிடியைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். தலை என்னை இழுத்துக்கொண்டு ஓடியது. நான் அதை இழுத்தேன். துப்பட்டியில் வந்தது நெஞ்சுவலிக்காரரின் இ.சி.ஜி.

"இழுக்காதீங்க சார். கூடவே நடங்க. அது ஆனை மாதிரி. இழுத்தா வராது, கூடப் போனா வரும்."

பின்பக்கம் நின்று தைக்கும் முறை ஒன்று இருக்கிறதாமே என்று கேட்டேன். கையேட்டில் படித்திருந்தேன். தாளில் கோடு இருக்கும், ஒளிப்புள்ளி அதன்மேல் போகும், ஊசி அந்தப்பக்கம் அதையே துணியில் போடும்.

"இருக்குது. ஆனாப் பின்னாடி நின்னாக் கோடுதான் சார் தெரியும். துணி தெரியாது."

கோடு தெரிந்தால் போதும் என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

ஊசி உடைந்தது. ஒன்று.

பிப்ரவரி 5, புதன்

ஊசி உடைந்தது. இரண்டு, மூன்று. காரணம் மூன்றுக்கும் ஒன்றே. நான்.

பிப்ரவரி 16, ஞாயிறு

பின்பக்கம் நின்று இலைக்கொடி வடிவம் ஒன்றைப் பழகுகிறேன். பத்தாம் முறை கொடி கொடியாகவே வந்தது. அதற்கு முன் வந்தவற்றைப் பற்றி லோகாம்பாள் தெரிவித்த கருத்துகள்: வாழைத்தண்டு, முடிச்சுவிழுந்த பாம்பு, நம்ம வார்டு வரைபடம்.

மேகலா அம்மாவிடம் நாற்பது நிமிடம் பேசினாள். எங்கள் தெருவில் சைக்கிள் பழக இடம் இருக்கிறதா என்று கேட்டாளாம். மாப்பிள்ளைக்கு எடை கூடிவிட்டது போலும். அவர் உயரத்துக்கு இருபத்தாறு அங்குலச் சக்கரம் வேண்டும். குறித்து வைத்தேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

மாவுக்கட்டு பிரித்தார்கள். இனி லோகாம்பாளே தைத்துக்கொள்வாள் என்று எனக்கு ஒரே நிம்மதி. ஆனால் கை இன்னும் வலுவில்லையாம், பிடிமானம் வர நாளாகுமாம்.

மாலையில் ஐந்து லிட்டர்க் குக்கரைச் சோற்றோடு அடுப்பிலிருந்து இறக்கினாள். வலது கையால். இதையும் பதிவு செய்கிறேன்.

மார்ச் 2, ஞாயிறு

"ஏனுங்க, துணிய மெஷின்ல ஏத்தறதுக்கு முன்னால மேகலாகிட்ட ஒருதரம் அளவு கேட்டுக்கோங்களே."

"போர்வையப் பத்திச் சொல்லக்கூடாதுன்னு நீதான சொன்ன?"

"போர்வையப் பத்திப் பேச வேண்டாம். புள்ளையப் பத்திக் கேளுங்க. அது தப்பில்லையே."

நீ ஒட்டிய துணி முப்பதுக்கு நாற்பது, கைக்குழந்தைக்கு அது போதுமென்று கையேட்டிலும் இருக்கிறது, கேட்க என்ன இருக்கிறது என்றேன்.

"நான் போன வருசம் ஒட்டினது அது" என்று சொல்லிவிட்டு என்னையே பார்த்தாள். நான் துணியை ஏற்றப் போய்விட்டேன்.

மார்ச் 19, புதன்

அசல் துணியில் முதல் நாள். பின்பக்கம் நின்றேன். ஒளிப்புள்ளி கோட்டைவிட்டு ஒரு நூலிழைகூட விலகவில்லை. முதல் வரிசை முடித்து, துணியை உருட்டி, இரண்டாம் வரிசையும் முடித்தேன். ஒன்றரை மணிநேரம். இவ்வளவு சுத்தமாக நான் எதையும் செய்ததில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முன்பக்கம் போனேன்.

துணியில் ஒரு தையலும் இல்லை.

முதல் சாணிலேயே பாபினில் நூல் தீர்ந்துவிட்டிருக்கிறது. அடிநூல் இல்லாமல் ஒன்றரை மணிநேரம் காற்றைத் தைத்திருக்கிறேன். மேல்நூல் மட்டும் துணிமேல் தொளதொளவென்று கிடந்தது. லோகாம்பாள் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். அத்தனையும் ஒரே இழுப்பில் கையோடு வந்துவிட்டது. அவளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. தண்ணீர் கொடுத்தேன்.

போனில் ஜமீலாவிடம் சொன்னேன். அவர் சொன்னது ஒன்றே: "அதான் சார் அப்பவே சொன்னேன். துணி தெரியாதுன்னு."

ஏப்ரல் 6, ஞாயிறு

நான்காம் வரிசை. இதில் மஞ்சள் பூப்போட்ட ஒரு சதுரம் வருகிறது. மேகலா மூன்றாம் வகுப்பில் பேச்சுப் போட்டிக்குப் போட்டுப்போன பாவாடை. நான் எழுதிக்கொடுத்த பேச்சு. பாதியில் மறந்துபோய், பயப்படாமல் மீதியைச் சொந்தமாகப் பேசிப் பரிசு வாங்கினாள். துணியை உருட்டும்போது அதைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டேன்.

எழுதிவிடுகிறேன். எழுதாமல் விட்டால் நான்காம் தலைப்பு, பிழைகளும் காரணங்களும், முழுமையாகாது.

ஆறு வருடத்துக்கு முன் இதே கூடத்தில், சோபா இருந்த இடத்தில், மேகலா தத்தெடுக்கும் விண்ணப்பத்தைக் கொண்டுவந்து காட்டினாள். நான் கண்ணாடி போட்டு முழுவதும் படித்தேன். படித்துவிட்டு, "எந்த ஊரு, என்ன குடும்பம்னு ஒண்ணும் தெரியாம எப்படிம்மா? இன்னும் ரெண்டு வருசம் பார்க்கலாமே" என்றேன். அவள் தாள்களை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். இரண்டு வருடம் என்று நான் சொன்னது மூன்றரை வருடமாயிற்று. அதற்குப் பிறகு விண்ணப்பித்தபோது என்னிடம் சொல்லவில்லை. லோகாம்பாள்தான் சொன்னாள்.

நான் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தெரியாத உப்பைக் கையில் கொடுத்தால் என்னவென்று சோதிக்காமல் வாய்திறக்கக் கூடாது என்று மாணவர்களுக்குச் சொல்லிச் சொல்லியே பழகியவன். ஆனால் அவள் கொண்டுவந்தது உப்பு அல்ல.

இன்று தைக்கவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

மேகலா அம்மாவிடம் ஒரு மணிநேரம். இடையில் கேட்டாளாம்: அப்பாவிடம் படித்த யாராவது சேலத்தில் பள்ளிக்கூடம் நடத்துகிறார்களா, ஜூனில் இடம் கிடைக்குமா. அவளோடு வேலை பார்ப்பவர்களில் யாருக்காவது கேட்டிருப்பாள். இரண்டு பெயரும் முகவரியும் எழுதி லோகாம்பாளிடம் கொடுத்தேன்.

வாங்கிக்கொண்டு, "யாருக்குன்னு கேக்கமாட்டீங்களா?" என்றாள்.

"யாருக்கோ. உதவினாச் சரி."

தலையில் லேசாக அடித்துக்கொண்டாள். என் தலையில் அல்ல, அவள் தலையில். ஏனென்று தெரியவில்லை.

மே 11, ஞாயிறு

முடிந்தது. முப்பதுக்கு நாற்பது. கடைசி ஓரமும் மடித்துத் தைத்தாயிற்று. கடைசிச் சதுரத்தில் கொடி கொஞ்சம் கோணல். தாள் அங்கே தீர்ந்துவிட்டதால், முன்பக்கம் வந்து நாலு அங்குலம் கைபோக்கில் போட வேண்டியதாயிற்று. அந்த நாலு அங்குலம் பார்த்தாலே தெரிகிறது. பிரிக்கலாம் என்றேன். ஜமீலா விடவில்லை.

"இருக்கட்டும் சார். இந்தப் போர்வையில மனுசன் தைச்ச இடம் இது ஒண்ணுதான்."

ஜமீலா நல்லவர். ஆனால் சில சமயம் அதிகம் பேசுகிறார்.

மே 12, திங்கள்

புதிதாகத் தைத்த எதையும் மஞ்சள் வைக்காமல் எடுத்து வைப்பாளா லோகாம்பாள்? காலையில் பார்த்தால் போர்வையின் ஒரு மூலையில், என் வெள்ளை வேட்டிப் பக்கத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு மஞ்சள்.

நாலு மாத உழைப்பு. அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து, மூலையை மட்டும் சோப்புப் போட்டுத் தேய்த்தேன்.

மஞ்சள் இரத்தச் சிவப்பாகிவிட்டது. அலையலையாகப் பரவி உள்ளங்கை அகலமாயிற்று.

முப்பத்தோரு வருடம். ஒவ்வொரு ஜூலையிலும் முதல் செய்முறை வகுப்பு. சோதனை: மஞ்சள் தடவிய தாளைச் சோப்புநீரில் நனை. காண்பன: சிவப்பாக மாறும். அறிவன: சோப்பு காரத்தன்மை கொண்டது. ஆயிரக்கணக்கான மாணவர்களுக்குச் செய்துகாட்டியிருக்கிறேன். பரீட்சையிலும் கேட்டிருக்கிறேன். தவறாக எழுதியவர்களுக்கு மதிப்பெண் குறைத்திருக்கிறேன்.

லோகாம்பாள் வந்தபோது நான் குளியலறையில் போர்வையை வைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.

"அடக் கெரகமே! யாரையாவது குத்திட்டீங்களா?"

விஷயத்தைச் சொன்னேன். இந்த முறை தண்ணீர் கொடுத்தும் புரை நிற்கவில்லை.

மே 13, செவ்வாய்

எலுமிச்சைச் சாறு விட்டேன். சிவப்பு மறைந்து மஞ்சளாயிற்று. இது பாடத்தின் இரண்டாம் பகுதி. மஞ்சள் கறைக்கு வெயில்தான் மருந்து. மொட்டைமாடியில் விரித்துப் பக்கத்திலேயே குடையோடு உட்கார்ந்தேன்.

மே 16, வெள்ளி

நான்கு நாள் கத்திரி வெயில். கறை போய்விட்டது. என் மூக்கில் தோல் உரிகிறது.

மே 30, வெள்ளி

முறை வந்துவிட்டது! ஜூன் எட்டு, ஞாயிறு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நேராகக் கரூருக்கே வருகிறார்கள். பெண் குழந்தை.

"கூட்டிக்கிட்டு" என்றுதான் மேகலா சொன்னாளாம். "தூக்கிக்கிட்டு" என்று சொல்லியிருக்கலாம். இக்காலத்துப் பிள்ளைகளுக்குச் சொற்களில் கவனம் இல்லை.

"இப்பவாச்சும் கேளுங்க" என்று லோகாம்பாள் போனை என் கையில் வைத்தாள். மறுமுனையில் மேகலா, "அப்பா?" என்றாள்.

"சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டேன்.

"சாப்பிட்டேம்ப்பா."

"மாத்திரை..." என்று ஆரம்பித்தேன். அவள் மாத்திரை எதுவும் சாப்பிடுவதில்லை. போனை லோகாம்பாளிடம் கொடுத்துவிட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

ஒப்படைத்த நாள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை பதினொன்று. வாசலில் கார். நான் மடித்த போர்வையை இரு கையிலும் ஏந்திக்கொண்டு நிலைப்படியில் நின்றேன். குழந்தையை அப்படியே இதில் வாங்கிக்கொள்வதாகத் திட்டம். முந்தின நாள் இரண்டு கிலோ அரிசிப் பையை வைத்து ஒத்திகையும் பார்த்திருந்தேன்.

சுதாகர் இறங்கினார். மேகலா இறங்கினாள். அவள் கையில் குழந்தை இல்லை. அவள் விரலைப் பிடித்துக்கொண்டு, இரட்டைச் சடையும் நீலச் செருப்புமாக ஒரு சிறுமி இறங்கினாள். ஆறு வயது இருக்கும். நான் அவளுக்குப் பின்னால் காருக்குள் பார்த்தேன். காரில் வேறு யாரும் இல்லை.

என் வாழ்நாளில் எந்தச் சோதனையும் இவ்வளவு மெதுவாக எனக்கு விளங்கியதில்லை. சைக்கிள். பள்ளிக்கூடம். கூட்டிக்கொண்டு வருவது.

"வா சாமி, வா அம்முணி" என்று லோகாம்பாள் ஆரத்தித் தட்டோடு போய்விட்டாள். அவளுக்கு எல்லாம் தெரியும். வளர்ந்த பிள்ளையே வேண்டுமென்று மேகலா மாற்றி எழுதிக்கொடுத்த பிப்ரவரியிலிருந்தே தெரியும்.

"நீங்க கேப்பீங்க கேப்பீங்கன்னு நாலு மாசமாப் பாத்தேன்" என்று என்னைக் கடக்கும்போது காதோரம் சொன்னாள். "ஒரு வார்த்தை. புள்ளைக்கு என்ன வயசும்மான்னு ஒரு வார்த்தை."

போர்வையை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். பெயர் சுடர். என் எதிரில் வந்து நின்று நிமிர்ந்து பார்த்தாள்.

"பின்னாடி என்ன வெச்சிருக்கீங்க?"

காட்டினேன். வாங்கித் தரையில் விரித்து ஒவ்வொரு சதுரமாக விரல் வைத்து எண்ணினாள். முப்பத்தொன்பதுக்குப் பிறகு முப்பத்துப்பத்து என்றாள். நான் திருத்தவில்லை. கடைசிச் சதுரத்தின் கோணல் கொடிமேல் விரலை ஓட்டிவிட்டு, "இங்க மட்டும் கொடி ஆடுது" என்றாள்.

மேகலா குனிந்து மஞ்சள் பூச்சதுரத்தைத் தொட்டாள். அது என்ன என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. "யாரு தைச்சது?" என்று அம்மாவைக் கேட்டாள். அம்மா என்னைக் கையால் காட்டினாள். மேகலா தரையில் உட்கார்ந்தாள். பாவாடைகளை எல்லாம் ஒவ்வொன்றாகச் சுடருக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

மத்தியானம் சுடர் கூடத்திலேயே, மெஷினுக்கு அடியில், பாய் விரித்துப் படுத்தாள். போர்வையைத் தலையோடு மூடிக்கொண்டாள். அவள் வளர்ந்த குழந்தைகள் இல்லத்தில் அப்படித்தான் தூங்கிப் பழக்கமாம். தலை மூடினால் கால் வெளியே. கால் மூடினால் தலை வெளியே. இரண்டு மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டுச் சுருண்டுகொண்டாள்.

இரண்டு பாதங்களும் வெளியே தெரிந்தன. நான் நாற்காலியில் அவற்றைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 9, திங்கள்

சுதாகர் வேலைக்குத் திரும்பினார். மேகலாவும் சுடரும் இரண்டு வாரம் இங்கே.

காலை, டேப்போடு சுடரிடம் போனேன். "உன் உயரம் எவ்வளவுன்னு எடுத்துக்கலாமா?" ஒரு கேள்வி. நாலு மாதம் தாமதம். அவள் கதவு நிலையில் முதுகை ஒட்டி, எனக்குத் தெரியாமல் எம்பி நின்றாள். குதிகாலை இறக்கச் சொன்னேன். நாற்பத்தாறு அங்குலம். போர்வையைவிட ஆறு அங்குலம் உயரம்.

ஜூன் 12, வியாழன்

போர்வையின் கால்பக்க ஓரத்தைப் பிரித்தேன். ஜமீலா சொன்னபடி தனியாக ஒரு பட்டை தைத்து அங்கே ஒட்ட வேண்டும். பட்டைக்குத் துணி சுடரே தந்தாள். இல்லத்திலிருந்து போட்டுவந்த கவுன், அக்குளில் கிழிந்தது. அது போதாமல் லோகாம்பாள் புடவை ஒன்று, என் சட்டை ஒன்று.

எந்த வடிவம் வேண்டும் என்று சுடரிடம் தாள்களைக் காட்டினேன். எதுவும் வேண்டாமாம். ஆடுகிற கொடிதான் வேண்டுமாம்.

ஆடுகிற கொடிக்குத் தாள் கிடையாது.

ஜூன் 14, சனி

முன்பக்கம் நின்றேன். இதுவரை துணியை இவ்வளவு அருகில் பார்த்துத் தைத்ததில்லை. ஊசி இறங்கும் இடம் தெரிகிறது. பஞ்சு அமுங்கி எழுவது தெரிகிறது. இழுக்காமல் கூடவே நடந்தேன். அது போன பக்கம் போனேன். கொடி நன்றாகவே ஆடியது.

மேகலா பக்கத்தில் நின்று பாபினில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். வேறு யாரும் இல்லை. கைப்பிடியை விடாமலேயே, அவளைப் பார்க்காமலேயே, ஆரம்பித்தேன்.

"மேகலா, அன்னைக்கு நான் சொன்னது..."

"அப்பா, நிறுத்துங்க."

நிறுத்தினேன்.

"அடிநூல் தீந்துபோச்சு. பாருங்க, தையல் விழல."

பார்த்தேன். ஒரு சாண் வெறும் நூல். முன்பக்கம் நின்றும் கவனிக்கவில்லை. அவளே பழைய பாபினை எடுத்துவிட்டுப் புதிதைப் போட்டாள்.

"இப்பச் சொல்லுங்க" என்றாள்.

"தப்பாச் சொல்லிட்டேம்மா. எந்தக் குடும்பம்னு கேட்டேன். நம்ம குடும்பம்னு தெரியல எனக்கு."

அவள் கொஞ்ச நேரம் பழைய பாபினை விரலில் சுழற்றிக்கொண்டிருந்தாள்.

"கோவம் போயிருச்சுன்னு பொய் சொல்லமாட்டேம்ப்பா. இன்னும் இருக்குது."

"எவ்வளவு?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று எனக்கே உறைத்தது. அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, பேச்சுப் போட்டியில் மறந்துபோன இடத்தில் சிரித்தாளே, அந்தச் சிரிப்பு.

"ஒரு முழம் இருக்கும்."

ஒரு முழம் பதினெட்டு அங்குலம். முன்பு இதைவிட நீளமாக இருந்திருக்கும்.

அதற்குள் சுடர் வந்து மேசைக்கு அடியிலிருந்து தலை நீட்டினாள். "தாத்தா, ஏன் சத்தம் நின்னுபோச்சு? ஓட்டுங்க."

முதல் முறை தாத்தா என்றாள். ஓட்டினேன்.

ஜூன் 15, ஞாயிறு

மேகலா என்னிடம் பேசிய வாக்கியங்கள், நேற்று மாலை முதல் இன்று மாலைவரை: எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

பட்டையை ஒட்டும் முன் எவ்வளவு நீளம் சேர்ப்பது என்று வீட்டில் விவாதம். தலை மூடினாலும் கால் மூட வேண்டும், ஆகவே பத்து அங்குலம் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன்.

லோகாம்பாள் தாளைப் பார்க்கக்கூட இல்லை. "மேகலாவுக்குப் பாவாடை தைக்கறப்ப எப்படித் தைச்சோம்? அடியில ரெண்டு டக்கு மடிச்சு வெச்சு, வருசத்துக்கு ஒண்ணாப் பிரிச்சுவுட்டம்ல? வளர்ற புள்ளைக்கு இன்னைக்கு அளவுக்கா தைப்பாங்க?"

மேகலா, "ஆமாம்ப்பா, என் பாவாடை எல்லாத்துலயும் அடியில கோடு கோடா இருக்கும்" என்றாள்.

பட்டை முழுவதையும் சேர்த்தோம். பத்து அங்குலம் வெளியே. மீதியை உள்ளே மடித்து, பிரிக்கச் சுலபமாக, கையால் நூலோட்டி வைத்தோம். கைத்தையல் லோகாம்பாளுடையது. மணிக்கட்டு திடீரென்று குணமாகிவிட்டது.

ஜூன் 22, ஞாயிறு

சேலம் கிளம்பிவிட்டார்கள். காரில் ஏறும்போது சுடர் போர்வையைக் கழுத்தில் மாலைபோல் சுற்றியிருந்தாள். நல்ல வெயில். வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. அடுத்த மாதம் வருவார்களாம். அப்போது அவளுக்கு முன்பக்கக் கைப்பிடியைப் பிடிக்கக் கொடுக்க வேண்டுமாம். மேசை உயரத்துக்கு ஒரு முக்காலி தேடவேண்டும்.

நோட்டை முடிக்குமுன் முதல் பக்கத்தைச் சரிபார்த்தேன். ஒன்று, நான்கு, ஐந்து சரி. இரண்டாவதைப் பற்றிச் சோதனை இன்னும் நடக்கிறது.

மூன்றாவது தவறு. பிள்ளை கைக்குழந்தை அல்ல. அளவும் முப்பதுக்கு நாற்பது அல்ல. இன்றைய நிலவரப்படி முப்பதுக்கு ஐம்பது, உள்ளே இன்னும் எட்டு அங்குலம் மடித்திருக்கிறது. அது மாறாது என்று எழுதியிருந்தேன். அந்தச் சொல்லை அடித்துவிட்டேன்.